ஏரி காத்த ராமரும் ஜாகிர் கலெக்டரும்

மதுராந்தகம் கோதண்டராமர் கோயிலுக்குச் செல்பவர்கள் சனகவல்லித் தாயார் சந்நிதியில் ஒரு கல்வெட்டைக் காணலாம். அந்தத் திருப்பணி கும்பினி ஜாகிரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையின் தருமம் என்று அது அறிவிக்கிறது. கோயில் கற்களில் சோழ மன்னர்களின் பெயர்களையும் விஜயநகர நாயக்கர்களின் பெயர்களையும் படித்துப் பழகியவர்கள் நாம். இராமாநுஜருக்குப் பெரிய நம்பி மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த தலம் என்று வைணவர்கள் போற்றும் இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி வசூல் அதிகாரி ஒருவரின் பெயர் எப்படி இடம்பெற்றது?

அதற்கு விடையாகச் செங்கல்பட்டு வட்டாரமே அறிந்த கதை ஒன்று உண்டு. மழைக்காலம் வந்தால் மதுராந்தகம் ஏரிக்கரை உடைந்துபோவது வாடிக்கையாக இருந்தது. உடைப்பை அடைத்து அடைத்துக் கம்பெனியின் பணம் கரைந்தது. கோயிலைப் பார்க்க வந்த கலெக்டர் பிளேஸிடம், தாயாருக்குச் சந்நிதி கட்ட உதவ வேண்டும் என்று பட்டர்கள் வேண்டினர். உங்கள் தெய்வம் இந்த ஆண்டு ஏரியைக் காக்கட்டும், நான் சந்நிதி கட்டித் தருகிறேன் என்றாராம் அவர். அடைமழை கொட்டிய ஓர் இரவில், கரை தாங்காது என்று அஞ்சிய பிளேஸ் தாமே ஏரிக்குப் புறப்பட்டார். அங்கே வில்லும் அம்பும் ஏந்திய இரு வீரர்கள் கரைமீது இங்கும் அங்கும் நடந்து காவல் புரிவதைக் கண்டார். அவர்கள் இராமனும் இலக்குவனும் என்று உணர்ந்து மண்டியிட்டார். கரை உடையவில்லை. சந்நிதி எழுந்தது. கோதண்டராமர் அன்றிலிருந்து ஏரி காத்த ராமர் ஆனார்.

இந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் வேறொரு செய்தி முக்கியமாகப் படுகிறது. ஒரு மாவட்டத்தின் தலைமை அதிகாரி, நள்ளிரவில், கொட்டும் மழையில், ஓர் ஏரிக்கரையை நேரில் பார்க்கப் போனார் என்று மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். தெய்வத்தின் அருளைச் சொல்லும் கதைக்குள்ளேயே, காக்க வேண்டியவன் இடத்துக்குப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பொதிந்திருக்கிறது. தீயணைப்பும் மீட்புப் பணியும் வெள்ளத் தடுப்பும் அரசுத் துறைகளின் பொறுப்பாகிவிட்ட இக்காலத்தில், பிளேஸின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன்.

அவர் வந்து சேர்ந்த நிலத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையைச் சூழ்ந்திருந்த இந்தப் பகுதியை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-ஆம் ஆண்டு கம்பெனிக்கு ஜாகிராக அளித்தார். தமக்குக் கிடைத்த நிலத்தைக் கம்பெனியார் நவாபுக்கே குத்தகைக்கு விட்டுப் பணம் பெற்றுக்கொண்டிருந்தனர். அந்த ஏற்பாடு 1780 வரை நீடித்தது. இதற்கிடையே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஜாகிர் முழுவதையும் அளந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்களின் நிலம், வீடுகள், தொழில்கள், விளைச்சலின் பங்கீடு ஆகிய விவரங்கள் அப்போது திரட்டப்பட்டன. ஒவ்வொரு ஊரிலும் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு, கணக்கருக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு என்று பங்கு ஒதுக்கப்பட்டது. ஏரியின் பராமரிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தக் கணக்குகளை அறிஞர் தரம்பால் பிற்காலத்தில் ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தார். ஏரியைப் பேணும் செலவு வரி கட்டிய பின் மிஞ்சியதிலிருந்து செய்யும் செலவாக இல்லை. அரசுக்கு உரிய பங்கு பிரிவதற்கு முன்பே ஒதுக்கப்பட்ட செலவாக இருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

இந்த வழக்கம் மிகப் பழமையானது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் குழுக்களுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறைக்காக நாம் பெருமையோடு நினைவுகூரும் அதே கல்வெட்டுகள்தாம் இவை. ஏரியைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்த நாடு இது.

1780-இல் அந்த நிலத்தின்மீது நெருப்பு விழுந்தது. ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்துக்குள் இறங்கி, சென்னையைச் சூழ்ந்த ஊர்களைத் தீயிட்டன. எதிரிக்குத் தானியமும் தீவனமும் கிடைக்கக் கூடாது என்பது அந்தப் போர்முறையின் நோக்கம். கூரை வீடுகளும் வைக்கோல் போர்களும் களஞ்சியங்களும் எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். பஞ்சம் தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1785-இல், எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் பற்றி நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில் இந்த அழிவை விவரித்தார். அதே உரையில் பர்னார்டின் வரைபடத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். ஜாகிரில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்களை அதில் தாமே எண்ணிப் பார்த்ததாகவும், அவற்றில் சில இரண்டு மூன்று ஏக்கர் அளவிலும் சில ஐந்து மைல் சுற்றளவிலும் இருப்பதாகவும் கூறினார். செங்கல்பட்டின் ஏரிகள் இலண்டனில் பேசுபொருளான காலம் அது.

எரிந்த வீட்டுக்கு ஒரு பருவத்தில் புதுக் கூரை வேய்ந்துவிடலாம். ஆளில்லாமல் கைவிடப்பட்ட ஏரி அப்படி மீள்வதில்லை. கரையில் முட்செடி வளர்கிறது; வேர் இறங்கிய இடத்தில் மண் பிளக்கிறது. எலியும் நண்டும் வளை தோண்டுகின்றன. மதகின் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. வரத்துக் கால்வாய் தூர்ந்துபோகிறது. அடுத்த பெருமழையில் அந்த வளை வழியே முதலில் ஊற்றுபோல் நீர் கசியும். கசிவு கலங்கலாக மாறும்போது உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அதன்பிறகு கரைக்கு எஞ்சியிருப்பவை சில நாழிகைகளே. செங்கல்பட்டு ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. மேலே ஒன்று உடைந்தால், அதன் நீர் முழுவதும் கீழேயுள்ள ஏரியின்மேல் ஒரே நேரத்தில் பாயும். கோடைக் காற்றில் ஒரு குடிசையின் தீப்பொறி தெருவையே எரிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

இப்படிப்பட்ட நிலத்தின் பொறுப்புக்கு 1794-ஆம் ஆண்டு லயனல் பிளேஸ் வந்தார். 1798 வரை நான்கு ஆண்டுகள்தாம் அவர் கலெக்டராக இருந்தார். அதற்குள் ஜாகிரின் ஒவ்வொரு மூலையையும் அறிந்துகொள்ள முயன்றார். 1795-இல் ஓர் அறிக்கையும், பதவி விலகிய பின் 1799 ஜூன் மாதத்தில் விரிவான இறுதி அறிக்கையும் எழுதினார். செங்கல்பட்டின் நில உரிமை, வரி, நீர்ப்பாசனம், ஊர்க் காவல், கோயில் நிர்வாகம் ஆகியவற்றை ஆராயும் எவரும் இன்றளவும் அந்த அறிக்கையைத் தவிர்க்க முடியாது. திருக்குறளுக்கு உரை கண்ட எல்லிஸ் துரை, மிராசு உரிமை பற்றி எழுதியபோது பிளேஸின் எழுத்துகளையும் கருத்தில் கொண்டார்.

பிளேஸ் புரிந்துகொண்ட முதல் உண்மை, இந்த மாவட்டத்தில் வரி என்பது நீர் என்பதே. பாலாறு ஆண்டில் சில நாள்களே ஓடும். மற்ற நாள்களில் மணலுக்கடியில்தான் நீர். வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களில் ஏரியில் பிடித்துவைப்பதே ஆண்டு முழுமைக்கும் சோறு. ஆகவே ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அவர் அக்கறை காட்டினார். கம்பெனியின் வருவாயைப் பெருக்குவதே அவருடைய கடமை. அந்தக் கடமை அவரை ஏரிக்கரைக்கு இட்டுச் சென்றது. அவர் கருணையால் வந்தாரா, கணக்கினால் வந்தாரா என்று கேட்டால், கணக்கினால்தான் வந்தார் என்று சொல்வேன். அதனால் அவர் செய்த வேலையின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. பேரிடர் வந்தபின் கொடுக்கும் நிவாரணத்தைவிட, வருமுன் செய்யும் மராமத்து மலிவு என்பதை அவருடைய கணக்கு அவருக்குச் சொல்லியிருந்தது.

அவர் புரிந்துகொண்ட இரண்டாவது உண்மை, இந்த மக்களின் உழைப்பும் வழிபாடும் தனித்தனியே இயங்குபவை அல்ல என்பது. காஞ்சிபுரம் கோயில்களின் நிர்வாகத்தில் அவர் தலையிட்டார். திருவிழாக்கள் முறையாக நடக்க ஏற்பாடு செய்தார். வரதராசப் பெருமாளுக்கு ஆபரணம் காணிக்கை தந்தார். கோயில் செழித்தால் குடிகள் ஊரில் தங்குவார்கள், குடிகள் தங்கினால் நிலம் விளையும் என்பது அவருடைய எண்ணம். இதற்காகப் பிற்காலத்தில் கிறித்தவ மதப் பணியாளர்கள் அவரைக் கடிந்துகொண்டனர். கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிடும் வழக்கத்துக்கு இங்கே வித்திட்டவர்களில் ஒருவர் அவர் என்று இன்றைய ஆய்வாளர்களும் சுட்டுகின்றனர். மதுராந்தகத்தின் தாயார் சந்நிதியை இந்தப் பின்னணியில் பார்த்தால் கதைக்கும் வரலாற்றுக்கும் இடையேயுள்ள தூரம் குறைகிறது.

மூன்றாவதாக ஒரு செய்தி. பிளேஸ் பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. மதுராந்தகத்துக்கு அருகில் வேடந்தாங்கல் இருக்கிறது. அந்தச் சிற்றேரியில் கடம்ப மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்பதை ஊரார் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். ஆங்கிலப் படைவீரர்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை ஏற்று பிளேஸ் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் வழங்கினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்சியாளர்களின் துப்பாக்கிக்கு எதிராக ஊராரின் காவலை ஓர் ஆட்சியாளரே ஏற்றுக்கொண்ட நிகழ்வு அது. வேடந்தாங்கல் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் என்று அதை நாம் அறிவோம். சட்டத்தின் அச்சமின்றித் தீயைத் தாமே தள்ளிவைத்த மக்கள் அவர்கள். காவல் என்பது ஊருக்குள்ளிருந்தே வரும்போது எவ்வளவு நீண்டகாலம் நிலைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிளேஸை வெறும் நல்லவராக மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தினால் அது வரலாறாகாது. அவர் கண்டிப்பானவர், சில வேளைகளில் கொடியவராகவும் தோன்றியிருப்பார். பூந்தமல்லிப் பகுதியில் வரி நிர்ணயத்தை ஏற்க மறுத்து மிராசுதாரர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். நிலத்தை உழாமல் விட்டுப் போவதே அந்நாளைய எதிர்ப்பு முறை. சென்னை நகரத்துத் துபாஷிகள் அவர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று நம்பிய பிளேஸ், பணியாதவர்களின் உரிமையைப் பறித்து வேறு ஆள்களுக்குக் கொடுக்கவும் தயங்கவில்லை. ஊர்க் காவலுக்கென்று மக்களிடம் கட்டணம் பெற்றுவந்த பாளையக்காரர்கள் உண்மையில் காவல் செய்கிறார்களா என்றும் அவர் வினவினார். கேள்வி நியாயமானது. ஆனால், அந்தக் கேள்வியின் முடிவில் காவல் உரிமை ஊரிடம் திரும்பவில்லை, கம்பெனியிடம் சென்றது. மேலதிகாரிகளோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. வருவாய் வாரியத்துடனும் அரசுடனும் ஏற்பட்ட பிணக்குகளின் முடிவில், 1798-இல் அவர் பதவியைத் துறந்தார்.

அவர் போனபின் நடந்ததே நமக்குப் பாடம். 1802-இல் ஜாகிர் நிலங்கள் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு நிரந்தர வரித் திட்டத்தின்கீழ் ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலர் நிலத்தோடு உறவில்லாத நகரத்துச் செல்வர்கள். சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் தோற்றுப்போனது. களத்துமேட்டில் ஏரிக்கென்று நெல் அளந்த வழக்கம் சிதைந்தது. ஊரின் காவல் காவல்துறைக்குப் போனது. ஏரியின் காவல் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான பொதுப்பணித் துறைக்குப் போனது. கரையின் குணம் அறிந்த ஊராரிடமிருந்த பொறுப்பு, கோப்பில் ஏரியின் எண்ணை மட்டுமே அறிந்த அலுவலகத்துக்கு மாறியது. பிளேஸ் இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் நிற்கிறார். அவர் ஏரியைக் காத்தார் என்பதும் உண்மை. ஏரியைக் காக்கும் உரிமை மக்களின் கையிலிருந்து நழுவியதில் அவருடைய காலத்துக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மை.

பழைய முறையையும் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஏரிக்கு மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். மிராசுதாரர்களின் பண்ணைகளில் அடிமைகளாகக் கட்டுண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள். கரை உடைந்தால் முதலில் நீரில் மூழ்கியதும், தீப்பிடித்தால் முதலில் எரிந்ததும் அவர்களுடைய குடிசைகளே. பிளேஸுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1891-இல், இதே செங்கல்பட்டில் பணியாற்றிய டிரமன்ஹீர் அம்மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் வழியேதான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடு பிறந்தது. கோயிலின் கல்வெட்டு கலெக்டரின் பெயரைச் சொல்கிறது. கதை இராமனின் பெயரைச் சொல்கிறது. மழையில் நனைந்து கூடை கூடையாக மண் கொட்டியவர்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றைய தீயணைப்பு வீரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு காலத்தில் தீயணைப்புத் துறை என்று மட்டும் வழங்கப்பட்டது, இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பெயரில் சேர்ந்த அந்த மீட்பு என்ற சொல் அலங்காரமன்று. கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்குவது முதல், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, சாலையில் சாய்ந்த மரத்தை அறுப்பது, நொறுங்கிய பேருந்திலிருந்து உயிரோடு இருப்பவரை வெட்டி எடுப்பது, வெள்ளத்தில் படகு செலுத்துவது வரை எல்லாம் அவர்கள் தலையில் விழுகிறது. தலையாரியும் நீர்க்கட்டியும் தோட்டியும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து செய்த வேலைகள் பலவும் காலப்போக்கில் ஒரு துறையின் சில வீரர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறந்திருக்க முடியாது. ஏரிகளின் வரத்துக் கால்வாய்களையும் போக்குக் கால்வாய்களையும் மனைகளாக்கி விற்ற இடங்களில் மக்கள் மொட்டை மாடிகளில் நின்று படகுக்காகக் காத்திருந்தனர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அந்த இரவில் மரங்கள் முறிந்துகொண்டிருந்தபோதே அவற்றை அறுத்து வழி திறக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. மதுராந்தகம் ஏரியின் உபரி நீர் கிளியாற்றில் இறங்கி, பாலாற்றில் கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது. ஏரியின் கலங்கலிலிருந்து கடற்கரை வரை ஒரே நூலில் கோத்த ஊர்கள் இவை. ஒரு முனையில் திறக்கும் மதகு மறுமுனையில் உள்ள மீனவக் குப்பத்துக்கும் செய்தியாகப் போய்ச் சேர வேண்டும்.

மாமல்லபுரக் கடற்கரை நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது பல்லவர் காலத்துக்கும் முற்பட்ட செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. அது பழங்காலத்தில் கடல் கோளால் சேதமுற்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். இக்கரையில் இடர் புதிதன்று. புதியதாக வந்தவை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும், கூரை வேய்ந்த உணவகங்களும், பழைய மாமல்லபுரம் சாலையின் பன்மாடிக் கட்டடங்களும், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளும், கல்பாக்கம் அணுமின் நிலையமும்தாம். பர்னார்ட் அளந்த நிலத்தில் இன்று அவர் கனவிலும் கண்டிராத அளவுக்கு மக்களும் மின்சாரமும் எரிபொருளும் குவிந்திருக்கின்றன.

ஆனால், நம்முடைய கவனம் எப்போது அந்த வீரர்கள்மீது விழுகிறது? தீ எரியும்போது மட்டும். 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அதன் நினைவாக ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம். அந்த வாரம் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலி கொண்டது. சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது; குறுகலான வழியில் குழந்தைகளால் வெளியேற முடியவில்லை. அந்தக் கட்டடத்தைத் தீப்பிடிக்கும் முன்பு யாரேனும் முறையாகப் பார்த்திருந்தால் அந்தக் கூரை அங்கே இருந்திருக்காது. கரையில் எலி வளையைக் கோடையிலேயே அடைப்பதும், பள்ளியின் கீற்றுக் கூரையைப் பள்ளி திறக்கும் முன்பே அகற்றுவதும் ஒரே வேலைதான். அந்த வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை. நடக்காமல் போன விபத்துக்குச் செய்தித்தாளில் இடமில்லை.

எனவே காவல் துறைகளை நாம் மதிப்பிடும் அளவுகோல் மாற வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை தீயை அணைத்தார்கள் என்பதோடு, எத்தனை கட்டடங்களைப் பார்வையிட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். தடையின்மைச் சான்று என்பது மேசையில் கையெழுத்தாகும் தாளாக இல்லாமல், மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்ததன் முடிவாக இருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்; வண்டி வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்ததை அஞ்சாமல் எழுதுவதற்கு அரசின் ஆதரவு வேண்டும். பழைய ஊர்கள் அரசின் பங்கைப் பிரிக்கும் முன்பே ஏரிக்கு நெல் அளந்தன. இன்றைய நிதிநிலை அறிக்கைகளில் பராமரிப்பும் முன்தடுப்பும் அந்த இடத்தைப் பெற வேண்டும்.

மக்களுக்கும் பங்கு உண்டு. வேடந்தாங்கல் மக்கள் எந்த அதிகாரியும் வந்து நிற்காமலே வெடியைத் தவிர்த்தார்கள். நாமோ தீயணைப்பு வண்டி நுழைய முடியாதபடி தெருவை அடைத்து வாகனம் நிறுத்துகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் அவசர வழியில் பழைய பொருள்களைக் குவிக்கிறோம். ஏரியின் போக்குக் கால்வாயில் வீட்டு மனை வாங்குகிறோம். பிறகு 101-ஐ அழைத்துவிட்டு, வண்டி ஏன் தாமதமாக வந்தது என்று கேட்கிறோம். துறையைக் குறை கூறும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமையோடு வழியை விட்டுவைக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

லயனல் பிளேஸ் ஒரு மகானல்லர். அயல்நாட்டு வணிக நிறுவனம் ஒன்றின் ஊழியர், தம் முதலாளிகளின் வருவாய்க்காக உழைத்தவர், எதிர்த்தவர்களை அடக்கியவர். ஆனாலும் இந்த மாவட்டத்து மக்கள் அவரைத் துரத்திய கலெக்டராக நினைவில் வைக்கவில்லை. எத்தனையோ கலெக்டர்கள் வந்து போன நிலத்தில், பூந்தமல்லியில் அவர் வசூலித்த வரியை மறந்துவிட்டு, மதுராந்தகத்தில் அவர் நனைந்த மழையை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆள்பவர்களிடம் மக்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். மதுராந்தகம் ஏரி நிறையும். கிளியாற்றின் கரையோரத்தாருக்கு எச்சரிக்கை போகும். அந்த இரவுகளில் காக்கிச் சட்டை நனைய மணல் மூட்டை சுமப்பவர்களையும், தொலைபேசி மணி அடித்தவுடன் உணவை விட்டு எழுந்து ஓடுபவர்களையும் ராமனின் துணையோடு மட்டும் கரையில் நிறுத்திவிட்டு நாம் உறங்கக் கூடாது. கோடையில் அந்தக் கரையைப் பலப்படுத்தினோமா என்ற கேள்விக்கு நம்மிடமும் நம்மை ஆள்பவர்களிடமும் விடை இருக்க வேண்டும்.